எக்ஸாஸ்ட் ஃபேன் வாங்குவதற்கு முன்

தக்கலை வட்டாரத்தில் வயரிங் வேலை பார்க்கிறேன். வீடு கட்டுகிறவர்கள், "அண்ணே, வீட்டுக்குள்ள நல்ல காற்று வர என்ன மெஷின் வைக்கலாம்?" என்று கேட்கிறார்கள். மெஷின் அப்புறம். காற்று எந்த வழியாக உள்ளே வரும், எந்த வழியாக வெளியேறும் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்.

பழைய வீட்டில் ஓட்டு இடுக்கு வழியாகவே சூடும் புகையும் போய்விடும். கான்கிரீட் வீட்டில் அது நடக்காது. நமக்கோ தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழை. ஜன்னலைச் சாத்திவிட்டு ஈரத்துணியையும் உள்ளேயே காயப்போட்டால் பீரோவுக்குப் பின்னால் பூஞ்சை பிடிக்கத்தான் செய்யும். ஸ்பிளிட் ஏசி இதற்கு மருந்தல்ல. அது அறைக்காற்றையே திரும்பத் திரும்பக் குளிர வைக்கும், வெளிக்காற்றை எடுக்காது.

எக்ஸாஸ்ட் ஃபேனுக்குக் காசு போட வேண்டிய இடம் அடுக்களை. நீளம் 10 அடி, அகலம் 8, உயரம் 10 என்றால் 800 கன அடி. மணிக்கு 15 தடவை காற்று மாற வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள்: 12,000 கன அடி, அதாவது நிமிடத்துக்கு 200. பெட்டியில் சிஎஃப்எம் என்று அச்சடித்திருப்பது இந்த நிமிடக் கணக்குதான். மணிக்குக் கன மீட்டர் என்று இருந்தால் 340 பாருங்கள். வலையும் குழாயும் இழுவையைக் குறைக்கும், அதனால் ஒரு படி கூடுதலாகவே வாங்குங்கள். சாளை மீன் பொரிக்கிற வீட்டுக்குக் குழாய் இல்லாத சிம்னியை நான் சொல்லவே மாட்டேன். எண்ணெய்ப் பிசுக்கைப் பிடித்துக்கொண்டு ஆவியை அடுக்களைக்கே திருப்பி விடும்.

குளியலறைக்கு 6 அங்குல ஃபேன் போதும். குளித்த பிறகும் இருபது நிமிடம் ஓடட்டும். ஆனால் கதவுக்கு அடியில் முக்கால் அங்குலமாவது இடைவெளி வேண்டும். கதவைச் சாத்தி, ஓடும் ஃபேனின் வலையில் ஒரு டிஷ்யூ காகிதத்தை வையுங்கள். தொய்ந்து விழுந்தால் கதவைத் திறந்து மறுபடி வையுங்கள். இப்போது பச்சென்று ஒட்டினால் ஃபேனில் குறையில்லை, உள்ளே காற்று வர வழியில்லை. கேஸ் கீசரை மட்டும் தயவுசெய்து குளியலறைக்குள் மாட்டாதீர்கள். அதிலிருந்து வரக்கூடிய கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது, ஆளைக் கொன்றுவிடும்.

படுக்கையறைக்கு எதிரெதிர் ஜன்னலும் மேலே வென்டிலேட்டரும் இருந்தால் போதும். நாள் முழுக்க எல்லா அறையிலும் ஏசி ஓடும் வீட்டுக்குத்தான் ஈஆர்வி என்ற காற்று மாற்றும் மெஷின். வெளிக்காற்றை உள்ளே எடுக்கும்போதே அதன் சூட்டிலும் ஈரத்திலும் ஒரு பகுதியைக் கழித்துவிடும். அதே மாதிரி மெஷினான ஹெச்ஆர்வி சூட்டை மட்டும் கழிக்கும், ஈரத்தைக் கழிக்காது, நம் ஊருக்குச் சரிப்படாது.

குளச்சல், முட்டம் பக்கம் உப்புக்காற்று இரும்பைத் தின்றுவிடும்; பிளாஸ்டிக் பாடி, ஸ்டெயின்லெஸ் திருகு போடுங்கள். ஆரல்வாய்மொழிப் பக்கம் மேற்கிலிருந்து வீசும் மேல்காற்றுக் காலத்தில் மேற்குச் சுவர் ஃபேனைக் காற்று எதிர்த்துத் தள்ளும். அங்கே கிழக்குச் சுவரில் துளை போடச் சொல்லுங்கள், அதையும் பூச்சுக்கு முன்பே.