பழைய சொகுசு கார் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பி.எம்.டபிள்யூ 5 சீரிஸ், பென்ஸ் இ கிளாஸ், ஆடி ஏ6 மாதிரியான கார்கள் பத்துப் பன்னிரண்டு வருடம் ஓடிய பிறகு ஒரு புது சின்ன காரின் விலைக்கே கிடைக்கும், சில நேரம் அதற்கும் கீழே. ஆசை வரத்தான் செய்யும். வாங்காதீர்கள் என்று சொல்ல நான் வரவில்லை, நல்லதாக அமைந்துவிட்டால் நெடுஞ்சாலையில் அந்த வண்டியின் நிதானத்துக்கு ஈடு கிடையாது. ஆனால் இறங்கியிருப்பது காரின் விலை மட்டும்தான். அதன் பிரேக் டிஸ்க்கும் ஹெட்லைட்டும் கியர்பாக்ஸும் விலை இறங்கவில்லை, வேலை பார்ப்பவரின் கூலியும் இறங்கவில்லை. புதிதில் எந்த ரகத்து வண்டியோ அந்த ரகத்துச் செலவைத்தான் இன்றைக்கும் வைக்கும்.

இதை மறந்துவிட்டுக் கையில் இருக்கிற பணத்தை மொத்தமாக வண்டிக்கே கொடுத்துவிடுவதுதான் முதல் தவறு. வாங்கிய கையோடு எல்லா ஆயிலும் மாற்ற வேண்டியிருக்கும், அப்புறம் டயர், பேட்டரி, பிரேக், சஸ்பென்ஷன் புஷ் என்று வரிசையாக வரும். வண்டி விலையில் மூன்றில் ஒரு பங்கையாவது தொடாமல் தனியாக ஒதுக்கிவிட்டு, மீதிப் பணத்துக்குத் தகுந்த வண்டியைத் தேடுங்கள் என்பேன்.

அடுத்தது, ஓடோமீட்டரை மட்டும் பார்த்து முடிவெடுப்பது. பன்னிரண்டு வருடத்தில் நாற்பதாயிரம் கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது என்றதும் மயங்கிவிடுகிறார்கள். வண்டி ஓடினாலும் சும்மா நின்றாலும் ரப்பர் காயும்: எஞ்சின் மவுண்ட், ஹோஸ், ஆயில் சீல், புஷ் எல்லாமே வருடக் கணக்கில் கெட்டுப்போகிறவை. டீசல் என்றால் நிலைமை இன்னும் மோசம். புகைக்குழாயில் இருக்கும் டிபிஎஃப் ஃபில்டரில் சேரும் கரி எரிய ஏறத்தாழ 600 டிகிரி சூடு வேண்டும், அந்தச் சூடு வர நீண்ட ஓட்டம் வேண்டும், கடைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் மட்டும் போய்வந்த வண்டியில் அது அடைத்துக்கொண்டுதான் இருக்கும். சர்வீஸ் பில் எல்லாம் கையில் இருக்க, நெடுஞ்சாலையிலேயே ஒன்றரை லட்சம் ஓடிய வண்டியை நான் அதைவிட நம்புவேன்.

பில் இல்லையா, டயரைப் பாருங்கள். பக்கவாட்டில் டாட் (DOT) என்ற எழுத்துகளோடு தொடங்கும் எண்ணின் கடைசி நான்கு இலக்கம் 3518 என்றிருந்தால் அது 2018-ஆம் ஆண்டின் 35-ஆவது வாரத்தில் தயாரானது. நான்கு சக்கரத்திலும் நான்கு கம்பெனி, நான்கு வருடம் என்றால் அந்த உரிமையாளர் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் எவ்வளவு செலவு செய்திருப்பார் என்று நீங்களே யோசித்துக்கொள்ளலாம்.

மாடல் பெயரைப் பார்த்துவிட்டு எஞ்சினைப் பார்க்காமல் வாங்குவதுதான் இருப்பதிலேயே பெரிய தவறு என்று நினைக்கிறேன். ஒரே பெயரில் நல்லதும் இருக்கும், ஆளை முழுங்குவதும் இருக்கும். 2007 முதல் பி.எம்.டபிள்யூ 520டி-யில் வந்த என்47 டீசல் எஞ்சினில், வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூட வைக்கும் டைமிங் செயின் எஞ்சினின் பின்பக்கம், கியர்பாக்ஸை ஒட்டி இருக்கிறது. செயின் தேய்ந்தால் மாற்றுவதற்கே பெரிய வேலை, அறுந்துவிட்டால் எஞ்சினே போச்சு. 2002-இல் வந்த டபிள்யூ211 என்ற தலைமுறை இ கிளாஸின் ஆரம்ப வண்டிகளில் எஸ்பிசி என்ற மின்னணு பிரேக் உண்டு. எத்தனை முறை பிரேக் அழுத்தினோம் என்று அதன் யூனிட்டே எண்ணிக்கொண்டு வந்து, வரம்பு வந்ததும் எச்சரிக்கை காட்டும், யூனிட்டையே மாற்றச் சொல்லும். 2006-இல் மாடலைப் புதுப்பித்தபோது பென்ஸே அதைக் கைவிட்டுச் சாதாரண பிரேக்குக்குத் திரும்பியது. அதே காரில் வந்த எம்272 வி6 பெட்ரோல் எஞ்சினின் ஆரம்ப காலத் தயாரிப்புகளில் அதிர்வைக் குறைக்கும் பேலன்ஸ் ஷாஃப்ட்டின் பல்சக்கரம் தேய்ந்துபோகும், அதைச் சரி செய்ய எஞ்சினையே வெளியே இறக்க வேண்டும். ஆகவே வண்டியைப் பார்க்கப் போகும் முன்பே எஞ்சின் குறியீடு, தயாரிப்பு வருடம் இரண்டையும் கேட்டு வாங்கி, அதற்கென்று என்ன வியாதி உண்டு என்று தேடிப் படித்துவிடுங்கள்.

ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் விஷயத்தில் "லைஃப்டைம் ஆயில், மாற்றவே வேண்டாம்" என்று விற்பவர் சொன்னால் நம்பாதீர்கள். பி.எம்.டபிள்யூ, ஜாகுவார், ஆடி எல்லாவற்றிலும் வரும் இசட்எஃப் கியர்பாக்ஸைத் தயாரிக்கிற இசட்எஃப் நிறுவனமே 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் ஆயிலை மாற்றச் சொல்கிறது. ஆறு கியர் கொண்ட 6எச்பி வகையில் ஃபில்டரும் அடித்தட்டும் ஒரே பிளாஸ்டிக் துண்டு, சேர்த்துத்தான் மாற்ற வேண்டும். ஆயில் அளவை எஞ்சின் ஓடும்போது, ஆயில் 30 முதல் 50 டிகிரிக்குள் இருக்கும்போது பார்க்க வேண்டும். இது தெரியாத கையில் கொடுத்தால் ஆயில் மாற்றிய பிறகுதான் கியர் ஜெர்க் அடிக்க ஆரம்பிக்கும்.

சூடாக இருக்கும் எஞ்சினைப் பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள். நான் வரும்வரை ஸ்டார்ட் செய்யாதீர்கள் என்று முன்பே சொல்லிவிட்டு, போனதும் பானட்டைத் தொட்டுப் பாருங்கள். செயின் சத்தமும் நீலப் புகையும் குளிர்ந்த எஞ்சினின் முதல் சில நொடிகளில்தான் வெளிவரும். சாவியைத் திருப்பியதும் எஞ்சின் விளக்கு, ஏர்பேக் விளக்கு இரண்டும் எரிந்து, ஸ்டார்ட் செய்த பிறகு அணைந்திருக்க வேண்டும், எரியவே இல்லை என்றால் யாரோ மறைத்திருக்கிறார்கள். காரின் கம்ப்யூட்டரில் பதிவான பிழைகளைப் படிக்கும் ஸ்கேனரை மாட்டும்போது பிழை எதுவும் இல்லை என்பதோடு விடாமல், கார் தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும் ரெடினெஸ் சோதனைகள் முடிந்திருக்கின்றனவா என்றும் பாருங்கள். முடியவில்லை என்று காட்டினால் அண்மையில்தான் பிழைப் பதிவுகளை அழித்திருக்கிறார்கள், அல்லது பேட்டரியைக் கழற்றியிருக்கிறார்கள். ஸ்ப்ரிங்குக்குப் பதில் காற்றுப் பைகளில் நிற்கும் ஏர் சஸ்பென்ஷன் வண்டி என்றால் இரவு முழுக்க நின்ற பிறகு காலையில் போய்ப் பார்க்க வேண்டும். ஒரு மூலை இறங்கியிருந்தால் காற்று கசிகிறது, அதை விட்டுவைத்தால் கம்ப்ரஸர் ஓய்வில்லாமல் ஓடி அதுவும் எரிந்துபோகும்.

வாங்கிய பிறகு செய்யும் தவறுகளில், எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்டைச் சொல்லியே ஆக வேண்டும். இந்தக் கார்களில் கூலன்ட் டேங்க், தெர்மோஸ்டாட் உறை எல்லாம் பிளாஸ்டிக், வருடங்கள் சூடு பட்டுப் பட்டு விரிசல் விடும். குறையக் குறையத் தண்ணீர் ஊற்றிச் சமாளிக்கலாம் என்று விட்டால் ஒருநாள் சூடு ஏறி அலுமினிய சிலிண்டர் ஹெட் வளைந்துவிடும், ஒரு சின்ன டேங்குக்கான செலவு எஞ்சின் செலவாகிவிடும். சன்ரூஃப் இருந்தால் அதன் வடிகால் குழாய்களையும் சுத்தமாக வைத்திருங்கள், அடைத்தால் தண்ணீர் கார்பெட்டுக்கு அடியில் இறங்கி மின்னணுப் பெட்டிகளைக் கெடுக்கும்.

எல்லாவற்றுக்கும் ஷோரூமுக்கே போவதும் தவறு, இந்த வண்டியைத் தொட்டே பழகாதவரிடம் விடுவதும் தவறு. பி.எம்.டபிள்யூவில் புது பேட்டரி போட்டால் அதைக் காரின் கம்ப்யூட்டரில் பதிவு செய்ய வேண்டும், இது தெரிந்த ஒரு தனி மெக்கானிக்கை வண்டி வாங்கும் முன்பே பிடித்து வையுங்கள். லெம்ஃபோர்டர், சாக்ஸ், பாஷ் மாதிரி கார் கம்பெனிக்கே பாகம் கொடுக்கிறவர்களின் பெட்டியில் வாங்கினால், கார் கம்பெனி முத்திரைக்கென்று தனியாகக் கொடுக்கும் பணம் மிச்சம். பெயரே தெரியாத மலிவு சஸ்பென்ஷன் ஆர்ம் மட்டும் வேண்டாம், கொஞ்ச நாளிலேயே ஆட்டம் கண்டு இரண்டாவது முறை கூலி கொடுக்க வைக்கும்.

என்னைக் கேட்டால், எல்லா வசதியும் உள்ள உச்ச மாடலை விட்டுவிட்டு, சாதாரண ஸ்ப்ரிங், சின்ன சக்கரம், டர்போ இல்லாத ஆறு சிலிண்டர் பெட்ரோல் உள்ள வண்டியைத் தேடுவேன். பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும், சரி, அதை மாதாமாதம் கணக்குப் போட்டுக்கொள்ளலாம், திடீரென்று வரும் ஏர் சஸ்பென்ஷன் செலவை அப்படிக் கணக்குப் போட முடியாது. கடைசியில் எந்த வண்டி பிடித்தாலும் லிஃப்டில் ஏற்றி அடியில் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள், மறுத்தால் அடுத்த வண்டியைப் பார்க்கக் கிளம்பிவிடுங்கள்.