கண்மாயில் சீமைக்கருவேலத்தை ஒழிக்கும் முறை

ராமநாதபுரம் பக்கம் எங்கள் கண்மாயில் முதல் தடவை அரிவாளால்தான் வெட்டினோம். ஒரு மழை பெய்ததும் ஒவ்வொரு அடிக்கட்டையிலும் நாலைந்து கிளை கிளம்பி, முன்னைவிட அடர்ந்துவிட்டது.

தரைக்கு மேலே வெட்டிப் பயனில்லை. இந்த மரம் துளிர்ப்பது மண்ணுக்குள் இருக்கும் தூரிலிருந்துதான். சுற்றிலும் மண்ணைப் பறித்து, ஒரு அடி ஆழத்தில் தூரோடு எடுங்கள். கண்மாய்க்குள் ஜேசிபி இறங்கலாம். கரையில் வேண்டாம், மண் இளகி உடைப்பெடுக்கும். அங்கே கடப்பாரைதான். வேலைக்கு முன் பஞ்சாயத்தில் அனுமதி வாங்கிவிடுங்கள். விறகைக் கரிமூட்டம் போடுபவர்களுக்கு விற்றால் கூலிக்கு ஆகும்.

சரி, அதோடு முடிந்ததா? இல்லை. காயைத் தின்னும் ஆடுகள் விதையைப் புழுக்கையோடு ஊரெல்லாம் போட்டுவிடும் (ஆட்டைக் குறை சொல்லி என்ன செய்ய!). அதனால் அடுத்த இரண்டு, மூன்று வருடம் மழை முடிந்ததும், ஈரம் காய்வதற்குள் நாற்றுகளைக் கையால் பிடுங்க வேண்டும். எங்கள் ஊரில் நூறுநாள் வேலைக்காரப் பெண்கள்தான் இதில் கில்லாடிகள்.

வெறுங்கரையை அப்படியே விடாதீர்கள். ஆவணியில் பனம்பழம் பொறுக்கி, புரட்டாசிக்குள் பத்தடிக்கு ஒரு கொட்டை ஊன்றுங்கள். கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால்வாயிலும் இந்த மரம் முளைத்திருக்கிறதா என்று அப்போதே பார்த்துவிடுங்கள்.