கொடுமணல் போகிறீர்களா? நொய்யல் கரைக்கு ஒரு வழிகாட்டி

கோவைக்கோ ஈரோட்டுக்கோ உறவினர் வீட்டுக்கு வருபவர்கள் ஒரு காலைப் பொழுதைக் கொடுமணலுக்கு ஒதுக்குங்கள். ஈரோடு மாவட்டத்தில், சென்னிமலைக்கு மேற்கே சுமார் 15 கிலோமீட்டரில், நொய்யல் ஆற்றின் வடகரையில் இருக்கும் சிற்றூர் இது; பண்டைய மணிப் பட்டறையும் ஈமச்சின்னங்களும் அகழாய்வில் வெளிப்பட்ட இடம். கீழடி அளவுக்கு இந்தப் பெயர் வெளியூர்த் தமிழர் காதில் விழுவதில்லை. எனக்கு அதில் வருத்தம் உண்டு.

வெள்ளியங்கிரி மலையில் பிறக்கும் நொய்யல் கொங்கு நாட்டைக் கடந்து கரூர் மாவட்டத்தில் காவிரியில் சேர்கிறது. மேற்கே பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டினால் கேரளக் கரையில் இருந்த பழைய முசிறித் துறைமுகம், கிழக்கே கருவூர் (இன்றைய கரூர்). இந்தப் பெருவழியின் நடுவில்தான் ஊர் அமைந்திருந்தது. மணிக்கல்லுக்குப் படியூர், இரும்புத் தாதுக்குச் சென்னிமலை, எல்லாம் பக்கத்திலேயே. சேர மன்னர்களைப் பாடும் சங்க நூலான பதிற்றுப்பத்து, கொடுமணம் என்று அருங்கலங்களுக்காகப் பாடுவது இந்த ஊரைத்தான் என்பது ஆய்வாளர் முடிவு.

தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் 1985-இல் இங்கே அகழாய்வைத் தொடங்கியது. உடைத்துப் போட்ட கல், பாதி துளையிட்ட மணி, மெருகேற்றி முடித்த மணி என்று ஒரு பட்டறையின் எல்லாக் கட்டமும் மண்ணுக்குள் அப்படியே கிடந்தது. இரும்பு உருக்கிய உலைகளும் உண்டு. இறந்தவரைப் புதைத்த ஒரே ஈமக்குழியில் 2,000-க்கும் மேற்பட்ட சூதுபவள (செந்நிறக் கல்) மணிகள் கிடைத்தன. எனக்குப் பெரிதாகப் படுவது பானை ஓடுகள்தான். கண்ணன் ஆதன், பண்ணன் என்று தமிழின் பழைய எழுத்தான தமிழ்ப் பிராமியில் பெயர்களைக் கீறி வைத்திருக்கிறார்கள். ஆதன், கண்ணன் என்று இன்றும் பிள்ளைகளுக்குப் பெயர் வைக்கிறோமே!

சரி, போனால் என்ன பார்க்கலாம்? அகழாய்வுக் குழிகளை வேலை முடிந்ததும் மண் போட்டு மூடிவிடுவார்கள். அதனால் தரைக்கு மேலே நிற்கும் ஈமச்சின்னங்களைத் தேடுங்கள்: கல்வட்டங்கள், பலகைக் கற்களால் அடைத்த கல்லறைகள், ஆளுயரத்தைத் தாண்டிய குத்துக்கற்கள். சில கல்லறைகளின் பலகைக்கல்லில் வட்டமாக ஒரு துளை வெட்டியிருக்கும். குனிந்து பார்க்கத் தவறாதீர்கள். இவற்றைச் சுற்றி இருப்பதெல்லாம் உழவர்களின் காடு, அதாவது விளைநிலம். எதிரே வருபவரிடம், "ஏனுங்கண்ணா, காட்டுக்குள்ள போய்க் கல்லைப் பாத்துட்டு வரலாங்களா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பயிர் நிற்கும்போது வரப்பை விட்டு இறங்க வேண்டாம்.

ஆற்றில் இறங்கிக் குளிக்கலாம் என்று பிள்ளைகளுக்கு ஆசை காட்டாதீர்கள். திருப்பூர்ச் சாயக்கழிவு பல ஆண்டுகள் இந்த ஆற்றில்தான் ஓடியது. பாசனத்துக்கென 1992-இல் முடித்த ஒரத்துப்பாளையம் அணையே கழிவுத் தேக்கமாகிப்போனது. உழவர்கள் நீதிமன்றம் போனார்கள். 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. மணிகளின் பெருமையைச் சொல்லும்போது இதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். இரண்டும் இதே ஆற்றின் கதைதான்.

மழைக்குப் பிறகு மண் மேல் சின்ன மணியோ ஓட்டுத் துண்டோ கண்ணில் படலாம். பார்த்துவிட்டு அங்கேயே விட்டுவிடுங்கள். நூறாண்டுக்கு மேற்பட்ட தொல்பொருளைத் தனியார் நாட்டுக்கு வெளியே கொண்டுபோவது 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அதைவிட, கிடந்த இடம் தெரியாத மணி ஆய்வாளருக்கும் பெரிதாகப் பயன்படாது.

டிசம்பர் முதல் பிப்ரவரி வரை வெயில் தாங்கும். மற்ற மாதங்களில் விடியற்காலையே கிளம்புங்கள். தொப்பி, தண்ணீர், முள் குத்தாத செருப்பு அவசியம். பேருந்தை நம்பாமல் ஈரோட்டிலிருந்தோ பெருந்துறையிலிருந்தோ வாடகைக் கார் பேசிக்கொள்வது நல்லது. திரும்பும்போது சென்னிமலையில் நிறுத்தி, கைத்தறிப் போர்வை வாங்குங்கள்.