கோல்ஃப் போட்டியில் மனதைத் தளரவிடும் தவறுகள்

ரேஞ்சில் (பயிற்சித் திடலில்) அழகாக அடிப்பவர், முதல் போட்டியில் கை நடுங்கி, வழக்கத்தைவிடப் பல ஸ்ட்ரோக் (அடி; குறைவாக எடுப்பவரே வெல்வார்) கூடுதலாக எழுதிக்கொண்டு திரும்புகிறார். புதிதாக வருகிற ஒவ்வொரு அணியிலும் இது நடக்கிறது. தூக்கம், சாப்பாடு, தண்ணீர் பற்றி எல்லோரும் சொல்லியாகிவிட்டது, அவற்றை இங்கே விட்டுவிடலாம்.

போன ஸ்ட்ரோக்கை உடனே மீட்கப் பார்ப்பது

எத்தனை முறை சொன்னாலும் மாறாத தவறு இது. பார்க்கும்போதெல்லாம் எரிச்சல் வருகிறது, ஏனென்றால் இதைத் தவிர்க்கத் திறமையே தேவையில்லை.

1999 ஓபன் (கோல்ஃபின் நான்கு பெரிய போட்டிகளில் ஒன்று), ஸ்காட்லாந்தின் கார்னூஸ்டி. ஜான் வான் டி வெல்ட் மூன்று ஸ்ட்ரோக் முன்னிலையோடு கடைசி ஹோலுக்கு வந்தார். அது பார் 4, அதாவது நான்கு ஸ்ட்ரோக்கில் பந்தைக் குழியில் போட வேண்டிய ஹோல். ஆறு எடுத்தாலே கோப்பை அவருடையது. டிரைவரால் (நெடுந்தூரம் அடிக்கும் மட்டை) அடித்தது வலப்பக்கம் போனாலும் பந்து நல்ல இடத்தில்தான் கிடந்தது. அடுத்து 2-அயர்ன் மட்டையால் அடித்தது பார்வையாளர் மேடையில் பட்டுத் திரும்பி அடர்ந்த ரஃபில் (உயரமான புல்லில்) விழுந்தது. அங்கிருந்தும் கிரீனையே (குழி இருக்கும் வழவழப்பான புல்தரை) குறிவைத்தார். பந்து பாரி பர்ன் ஓடைக்குள் போயிற்று. ஏழு. சமநிலையை முடிக்க நடந்த பிளேஆஃபில் பால் லாரி வென்றார். டிரைவரை எடுத்ததே தவறு என்பார்கள் பலர். மூன்றாவது ஷாட்தான் உண்மையான தவறு: பக்கவாட்டில் ஃபேர்வேக்கு (வெட்டிய புல் பாதைக்கு) எடுத்து, நான்கில் கிரீன் ஏறி, இரண்டு பட் (குழியை நோக்கி உருட்டும் அடி) போட்டிருந்தால் சரியாக ஆறு.

உங்கள் கிளப் மைதானத்திலும் கணக்கு இதுதான். பார் 4-இல் டீ ஷாட் (ஹோலின் முதல் அடி) மரங்களுக்குள் போய்விட்டது என்று வையுங்கள். பக்கவாட்டில் வெளியே எடுத்தால் பெரும்பாலும் ஐந்து. இடுக்கு வழியாக அடித்து வெற்றி பெற்றால் நான்கு; மரத்தில் பட்டால் ஏழு. கிடைப்பது ஒன்று, போவது இரண்டு. மூன்றுக்கு இரண்டு முறை அந்த ஷாட் கைகூடினால்தான் கணக்கு நேராகும். கோபத்தில் இருப்பவருக்கு அது கைகூடாது: பிடி இறுகும், மேலிருந்து கீழே இறங்கும் வேகம் அவசரப்படும், மூச்சு நெஞ்சிலேயே நிற்கும்.

செய்ய வேண்டியது:

1. கோபத்துக்குப் பத்து அடி நடை. அதற்குள் கிளப் (மட்டை) பைக்குள் போய்விட வேண்டும்.
2. நான்கு எண்ணி மூச்சை இழுத்து, ஆறு எண்ணி விடுங்கள். மூன்று முறை போதும்.
3. பந்தை அடைந்ததும் முதலில் பாதுகாப்பான வழியைத் தேடுங்கள். கிரீனைப் பார்ப்பது அதற்குப் பிறகு.
4. அடிக்கப்போகிற ஷாட்டைப் பத்தில் ஏழு முறையாவது ரேஞ்சில் அடிப்பீர்களா? இல்லையென்றால் அந்த கிளப்பை எடுக்காதீர்கள்.

முதல் டீயில் (ஆட்டம் தொடங்கும் இடத்தில்) ஸ்விங்கை, அதாவது மட்டை வீசும் முறையை, திருத்துவது

வேண்டாம். அன்றைக்கு எது வருகிறதோ அதோடு ஆடுங்கள்.

பட் உள்ளே போகாததைத் தோல்வியாக எண்ணுவது

எட்டு அடித் தூரத்தில் பிஜிஏ டூர் (அமெரிக்கத் தொழில்முறைப் போட்டித் தொடர்) ஆட்டக்காரர்களே ஏறக்குறைய பாதிதான் போடுகிறார்கள். அதே தூரத்தில் மூன்று தவறவிட்டு 'என் பட்டிங் போய்விட்டது' என்று முடிவுகட்டுபவர், நான்காவதைப் பயந்து தள்ளுகிறார். நினைத்த கோட்டில் பந்து கிளம்பியதா, தவறினாலும் குழியைத் தாண்டி ஒன்றரை அடிக்குள் நின்றதா? இரண்டுக்கும் ஆம் என்றால் அது நல்ல பட்.

நெருக்கடியில் வழக்கத்தை மாற்றுவது

சிலர் பதற்றத்தில் அவசரப்படுவார்கள். சிலர் பந்தின் மேல் உறைந்து நிற்பார்கள். இரண்டும் அவர்களுக்குத் தெரியாமலே நடக்கும். அதனால் கேடியையோ (பை தூக்கிவரும் உதவியாளர்) நண்பரையோ கிளப்பை எடுத்ததிலிருந்து அடிக்கும் வரை நேரம் பார்க்கச் சொல்லுங்கள். பயிற்சியில் 25 வினாடி என்றால் கடைசி ஹோலிலும் அதற்கு நெருக்கமாகவே இருக்க வேண்டும். ஒரு ஷாட்டுக்கு 40 வினாடிக்கு மேல் ஆகக்கூடாது என்பது விதிநூலின் பரிந்துரை.

நடுவே ஸ்கோரைக் கூட்டுவது

கூட்டாதீர்கள். கடைசி இரண்டு ஹோலில் மட்டும் நிலவரம் கேளுங்கள். எவ்வளவு பாதுகாப்பாக ஆடலாம் என்று முடிவெடுக்க அது தேவை.

ஒரே கிளப்பில் ஐம்பது பந்து அடிப்பது

இருபதாவது பந்து நேராகப் போவதில் கிடைக்கும் நம்பிக்கை மைதானத்தில் உதவாது. அங்கே ஒவ்வொரு ஷாட்டும் முதல் ஷாட். ஒவ்வொரு பந்துக்கும் கிளப்பையும் இலக்கையும் மாற்றுங்கள், முழு வழக்கத்தோடு அடியுங்கள். முடிவில் நான்கு அடியில் குழியைச் சுற்றிப் பத்து பந்து. ஒன்று தவறினாலும் முதலிலிருந்து. எட்டாவது, ஒன்பதாவது பந்தில் வரும் படபடப்பைப் பழகிக்கொள்ளத்தான் இந்தப் பயிற்சி.