ரவுட்டர் பக்கம் திறக்கவில்லையா? முதலில் போனைக் கீழே வையுங்கள்

புது வீட்டுக்கு இணைப்பு வந்ததும் வைஃபை பெயரையும் பாஸ்வேர்டையும் மாற்றத் தோன்றும். மாற்றத்தான் வேண்டும். வைஃபை தரும் பெட்டியான ரவுட்டரின் அடியிலோ பின்பக்கமோ ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். செட்டிங்ஸ் பக்கத்தின் முகவரி, அதற்குள் நுழையும் பாஸ்வேர்டு எல்லாம் பெரும்பாலும் அதிலேயே இருக்கும். பிரௌசரில் அந்த முகவரியை அடியுங்கள். திறந்துவிட்டால் உங்களுக்கு இந்தக் கட்டுரை தேவையில்லை. திறக்காமல் போனதும் இணையத்தில் "உதவி எண்" தேடக் கிளம்புகிறவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

என் நண்பர் அப்படித்தான் தேடினார். வெளிநாட்டில் வந்து இறங்கிய புதிது. ஊரில் என்றால் ஒரு போன் போட்டதும் ஆள் வந்து சரி செய்துவிட்டுப் போவார். அந்தப் பழக்கம் கையோடு வந்துவிடுகிறது. 192.168.1.1 என்ற முகவரியை போனின் முகப்பில் இருக்கும் தேடல் பெட்டியில் அடித்தார். அதிலும் ஒன்றுக்குப் பதிலாக ஆங்கிலச் சிறிய 'எல்' எழுத்தைப் போட்டிருக்கிறார். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். எழுத்து கலந்துவிட்டால் பிரௌசர் அதை எண் முகவரியாக எடுத்துக்கொள்ளாது, தேடச் சொல்கிறீர்கள் என்று நினைத்துக்கொள்ளும். தேடல் முடிவில் முதலில் வந்தது ஒரு விளம்பரம். பிரபல ரவுட்டர் நிறுவனத்தின் பெயர், சின்னம், பெரிய எழுத்தில் ஒரு போன் நம்பர். அழைத்தார்.

மறுமுனையில் பேசியவருக்கு அப்படி ஒரு பொறுமை! கம்ப்யூட்டரைத் தூரத்திலிருந்து இயக்கும் ஒரு மென்பொருளைப் போடச் சொன்னார். போட்டதும் விண்டோஸில் 'ஈவென்ட் வியூவர்' என்ற பகுதியைத் திறந்து, அதில் இருந்த சிவப்பு அடையாளங்களைக் காட்டி, "உங்கள் நெட்வொர்க்குக்குள் திருடர்கள் புகுந்துவிட்டார்கள், அதனால்தான் ரவுட்டர் பக்கம் திறக்கவில்லை" என்றார். நல்ல நிலையில் ஓடும் கம்ப்யூட்டரிலும் அந்தச் சிவப்பு அடையாளங்கள் இருக்கும். சின்னச் சின்னப் பிழைகளையும் விடாமல் எழுதி வைப்பதுதான் அந்தப் பகுதியின் வேலை. ஆனால் முதல்முறை பார்ப்பவருக்கு வயிறு கலங்கத்தான் செய்யும். பிறகு "பாதுகாப்புத் திட்டம்" என்று ஒரு கட்டணம், அதற்குக் கார்டு விவரம். வாடகை முன்பணத்துக்கு வைத்திருந்த தொகை போய்விட்டது. இத்தனைக்கும் அவர் பிழைப்பு நடத்துவதே கம்ப்யூட்டரில்தான். இன்றைக்கும் எனக்கு ஆறாத எரிச்சல் அது.

ஒரே ஒரு விஷயம் தெரிந்திருந்தால் அவர் போனையே எடுத்திருக்க மாட்டார். 192.168 என்று தொடங்கும் முகவரிகளும், 10 என்று தொடங்குபவையும், 172.16 முதல் 172.31 வரை உள்ளவையும் வீடு, அலுவலகம் போன்ற உள் நெட்வொர்க்குகளுக்கென்று ஒதுக்கப்பட்டவை. 1996-இல் வெளியான ஆர்.எஃப்.சி. 1918 என்ற இணைய ஆவணம் வகுத்த ஏற்பாடு இது. பொது இணையத்தில் இந்த முகவரிகளுக்கு வழியே கிடையாது. அந்தப் பக்கம் உங்கள் வீட்டுப் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. இணைய இணைப்பு அறுந்து கிடந்தாலும் அது திறக்கும். ஆகவே எந்தத் தேடல் முடிவும் அந்தப் பக்கமாக இருக்க முடியாது.

அப்படியானால் ஏன் திறக்கவில்லை? நண்பர் விஷயத்தில், முகவரியைச் சரியாக அடித்தபோதும் திறக்காததற்குக் காரணம் சிரிப்புக்கிடமானது: அவர் 'கெஸ்ட்' வைஃபையில் இருந்தார். விருந்தினர் இணைப்பில் இருப்பவரைச் செட்டிங்ஸ் பக்கத்துக்குள் பெரும்பாலான ரவுட்டர்கள் விடாது. முதன்மை வைஃபைக்கு மாறியதும் திறந்தது.

உங்களுக்குக் காரணம் வேறாக இருக்கலாம். போனில் மொபைல் டேட்டாவை அணைத்துவிடுங்கள். வைஃபையில் இணையம் வராவிட்டால் போன் சொல்லாமல் கொள்ளாமல் டேட்டாவுக்குத் தாவிவிடும். விபிஎன், அதாவது உங்கள் இணைப்பை வேறோர் இடத்தின் வழியாகத் திருப்பிவிடும் ஆப், ஓடினால் அதையும் நிறுத்துங்கள். ஊர் நிகழ்ச்சிகள் பார்க்கப் போட்டுவிட்டு மறந்துவிடுகிறவர்கள் நிறையப் பேர். முகவரியே தவறாகவும் இருக்கலாம். சரியானது எது என்று போனே சொல்லும்: ஐபோனில் வைஃபை பெயரைத் தொட்டால் 'ரவுட்டர்' என்ற வரியில், ஆண்ட்ராய்டில் பெரும்பாலும் 'கேட்வே' என்ற வரியில். கம்ப்யூட்டரின் முகவரி 169.254 என்று தொடங்கினால் ரவுட்டரிடமிருந்து அதற்கு முகவரியே கிடைக்கவில்லை என்று பொருள். அப்போது கேபிள் போட்டு இணைத்துப் பாருங்கள். பிரௌசர் "பாதுகாப்பற்றது" என்று எச்சரித்தால், முகவரி நீங்கள் போனில் பார்த்த அதே எண்தான் என்று சரிபார்த்துவிட்டு உள்ளே போகலாம். ஈரோ, கூகுள் நெஸ்ட் வைஃபை போன்றவற்றை அவற்றின் ஆப் வழியாகத்தான் அமைக்க வேண்டும். அவற்றுக்குப் பிரௌசரில் மல்லுக்கட்டிப் பயனில்லை.

பக்கம் திறந்து பாஸ்வேர்டு ஏற்காவிட்டால், வைஃபை பாஸ்வேர்டை அங்கே போடுகிறீர்களா என்று பாருங்கள். பல பெட்டிகளில் நிர்வாகப் பாஸ்வேர்டு வேறு. முன்பு குடியிருந்தவர் மாற்றியிருந்தால் ரீசெட் ஒன்றே வழி, அதாவது பெட்டியின் சிறு துளைக்குள் இருக்கும் பொத்தானை அழுத்தி அதைப் பழைய புது நிலைக்குக் கொண்டுவருவது. ஆனால் அந்தத் துளையில் ஊசியால் குத்துவதற்கு முன்னால் கொஞ்சம் நில்லுங்கள். சில இணைப்புகளில் இணைய நிறுவனம் கொடுத்த பயனர் பெயரும் பாஸ்வேர்டும் ரவுட்டருக்குள் பதிந்திருக்கும். ரீசெட் செய்தால் அதுவும் அழிந்து இணையமே நின்றுவிடும். முதலில் அவற்றைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், அதுவும் உங்கள் பில்லில் அச்சாகியிருக்கும் எண்ணில் அழைத்து. வீட்டு உரிமையாளரின் பெட்டி என்றால் அவரைக் கேட்காமல் தொடவே வேண்டாம்.

ஏற்கெனவே யாருக்காவது கம்ப்யூட்டரைத் திறந்து கொடுத்துவிட்டீர்களா? வெட்கப்பட்டுக்கொண்டு உட்கார நேரமில்லை. கம்ப்யூட்டரை உடனே இணையத்திலிருந்து துண்டியுங்கள். கார்டின் பின்புறம் இருக்கும் எண்ணில் வங்கியை அழைத்துக் கார்டை முடக்குங்கள். மின்னஞ்சல், வங்கிப் பாஸ்வேர்டுகளை வேறொரு கருவியிலிருந்து மாற்றுங்கள். அவர் போடச் சொன்ன மென்பொருளை நீக்குங்கள். அவர் வேறு என்னென்ன போட்டார் என்பது தெரியாததால் விண்டோஸையே புதிதாக நிறுவிவிடுவது மேல். அவர்கள் திரும்பவும் அழைப்பார்கள், "பணத்தைத் திருப்பித் தருகிறோம்" என்று. நண்பரையும் அழைத்தார்கள். எடுக்காதீர்கள்.