சவாரா கால்வாய் நகருக்கு ஒரு நாள் பயணம்: முதன்முறை செல்வோருக்கான செய்முறை விளக்கம்

டோக்கியோவில் இறங்கும் பயணிகளில் பலர், பழைய ஜப்பானைப் பார்க்க வேண்டுமென்றால் கியோத்தோவுக்குத்தான் போக வேண்டும் என்று எண்ணி ஷின்கான்சென் ரயிலில் ஏறிவிடுகிறார்கள். நரிதா விமான நிலையத்திலிருந்து ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில், சிபா மாகாணத்தைச் சேர்ந்த கத்தோரி நகராட்சிக்குள், சவாரா என்ற பழைய வணிகத் துறை இருக்கிறது. "எடோவைப் பார்க்க வேண்டுமா, சவாராவுக்கு வா, சவாராவின் ஹொன்மாச்சி எடோவையும் விஞ்சும்" என்ற பொருளில் அந்த ஊரார் பாடி வந்த வரிகள் இன்றும் அங்கே சொல்லப்படுகின்றன. எடோ என்பது இன்றைய டோக்கியோவின் பழைய பெயர்; ஹொன்மாச்சி என்பது ஊரின் நடுப்பகுதி.

இந்த ஊரை அழகிய காட்சியாக மட்டும் பார்த்தால் இரண்டு மணி நேரத்தில் அலுத்துவிடும். சரக்கு வந்து இறங்கிய துறைமுகமாகப் பார்த்தால் ஒரு முழு நாளும் போதாது. ஆகவே கீழே உள்ள படிகளைச் சரக்கு சென்ற வழியிலேயே அமைத்திருக்கிறேன்: முதலில் நீர், அடுத்து அந்த நீர் ஈட்டிய பணத்தில் வளர்ந்த ஒரு மனிதரின் வீடு, பிறகு கடைவீதி, கடைசியில் கோயில்.

படி 1: நாளைத் தேர்ந்தெடுத்தல்

திங்கட்கிழமையைத் தவிர்த்துவிடுங்கள், ஊரின் முக்கியமான அருங்காட்சியகம் அன்று மூடியிருக்கும். ஜூன் மாதத்தில் ஐரிஸ் மலர்கள் பூக்கும் என்பதால், நகருக்கு வெளியே ஆற்றோரத்தில் இருக்கும் மலர்ப் பூங்காவுக்காகவே பலர் வருவார்கள். ஜூலையிலும் அக்டோபரிலும் தேர்த் திருவிழா நடக்கும். கோடையில் யசாகா கோயிலைச் சார்ந்து ஆற்றின் கிழக்குப் பக்கத்துத் தெருக்களும், இலையுதிர்காலத்தில் சுவா கோயிலைச் சார்ந்து மேற்குப் பக்கத்துத் தெருக்களும் தத்தம் தேர்களை இழுக்கின்றன. 2016-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்க்கப்பட்ட ஜப்பானின் 33 தேர்த் திருவிழாக்களில் இதுவும் ஒன்று. ஆனால் முதன்முறை செல்பவருக்கு விழா நாளை நான் பரிந்துரைக்க மாட்டேன். தேர் மட்டுமே கண்ணில் படும். ஊர் கூட்டத்தில் மறைந்துவிடும். வார நாள் ஒன்றில், செவ்வாய்க்கும் வெள்ளிக்கும் இடையில் செல்வதே நல்லது.

படி 2: ரயில்

டோக்கியோ நிலையத்தில் சோபு விரைவுப் பாதை ரயிலில் ஏறி நரிதா நிலையத்தில் இறங்கி, அங்கிருந்து சோஷி அல்லது கஷிமா பக்கம் செல்லும் நரிதா பாதை ரயிலுக்கு மாற வேண்டும். மொத்தம் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் ஆகும். சாதாரண ரயிலில் ஒரு வழிக் கட்டணம் 2,000 யென்னுக்குள் முடிந்துவிடும். பணம் ஏற்றிப் பயன்படுத்தும் சுயிகா பயண அட்டை சவாரா நிலையத்திலும் செல்லும். விமான நிலையத்திலிருந்து வருபவர்களும் நரிதா நிலையத்தில்தான் மாற வேண்டும். 'நரிதா விமான நிலையம்' வேறு, நகரத்து 'நரிதா' நிலையம் வேறு என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

நரிதாவுக்கு அப்பால் ரயில் மணிக்கு ஒன்று என்ற அளவில்தான் ஓடுகிறது. எனவே சவாராவில் இறங்கியவுடன், நடைமேடையை விட்டு வெளியேறும் முன்பே, திரும்பிச் செல்லும் ரயில்களின் அட்டவணையைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று: இந்தப் பாதையில் ஓடும் பெட்டிகளின் கதவுகள் சிறு நிலையங்களில் தாமாகத் திறக்காமல் இருக்கக்கூடும், கதவருகே உள்ள பொத்தானை அழுத்தினால் திறக்கும். பெரிய பெட்டிகளோடு வருபவர்கள் அவற்றை விமான நிலையத்தின் பொருள் காப்பகத்திலேயே விட்டுவிட்டு வருவது உத்தமம்.

படி 3: ஆற்றங்கரைக்கு நடத்தல்

நிலையத்திலிருந்து தென்கிழக்கே பதினைந்து நிமிடம் நடந்தால் ஓனோ ஆறு வந்துவிடும். பெயர்தான் ஆறு. அகலம் மிகக் குறைவு. இரு கரைகளையும் கல்லால் கட்டி, இருபுறமும் வில்லோ மரங்களை வைத்திருப்பதால் கால்வாயாகவே தோன்றும். வடக்கே சிறிது தொலைவில் இது தோனே என்னும் பேராற்றில் கலக்கிறது.

இங்கே சற்று நின்று, ஊர் எப்படிப் பிழைத்தது என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும். தோனே ஆறு முற்காலத்தில் டோக்கியோ விரிகுடாவில் விழுந்துகொண்டிருந்தது. அன்று ஜப்பானை ஆண்ட தொக்குகாவா ஆட்சியாளர்கள் பல பத்தாண்டுகள் வேலை செய்து 1654-இல் அதன் நீரைக் கிழக்கே திருப்பி, சோஷி அருகே பசிபிக் கடலில் சேரும்படி செய்தார்கள். வடகிழக்கு மாகாணங்களிலிருந்து வந்த நெல்லும் பிற சரக்குகளும் போசோ தீபகற்பத்தைச் சுற்றி ஆபத்தான கடல் வழியில் போவதற்குப் பதிலாக, சோஷியில் ஆற்றுப் படகுகளுக்கு மாற்றப்பட்டு, தோனே ஆற்றில் எதிர்நீச்சலாக செகியாடோ வரை சென்று, அங்கிருந்து எடோ ஆற்றின் வழியே தலைநகருக்கு இறங்கின. அந்த வழியில் இருந்த சவாரா, சுற்றுவட்டார நெல்லைத் திரட்டி, அதில் சாக்கே மது வடித்து, எடோவுக்கு ஏற்றி அனுப்பிச் செழித்தது.

இப்போது கரையைப் பாருங்கள். சில அடி இடைவெளியில் கற்படிகள் நீருக்குள் இறங்கும். ஒவ்வொரு படித்துறையும் அதன் எதிரே உள்ள கடைக்கு உரியதாக இருந்தது. கடையின் வாசல் தெருவைப் பார்த்ததைப்போலவே ஆற்றையும் பார்த்தது. 1898-இல் ரயில் வந்தது. சரக்கு மெல்ல மெல்லத் தண்டவாளத்துக்கு மாறியது. ஊர் பெரிதாக வளராமல் போனதும், பழைய கடைகள் இடிபடாமல் நின்றதும் அதனால்தான் என்பது என் கருத்து.

படி 4: படகு

ஜப்பான் முழுவதையும் அளந்து வரைபடம் தயாரித்த இனோ தடாதாகாவின் பழைய வீட்டுக்கு எதிரே உள்ள படித்துறையிலிருந்து படகு புறப்படும். சுற்றி வர அரை மணி நேரம் ஆகும். காலையிலேயே ஏறிவிடுங்கள். வார இறுதிகளில் மதியத்துக்குப் பின் காத்திருக்க நேரும். வானிலை மோசமானால் படகை நிறுத்திவிடுவார்கள். காலணிகளைக் கழற்றிவிட்டு, தரையில் அமர்ந்து செல்ல வேண்டும். குளிர்காலத்தில் கொத்தாத்சு எனப்படும், போர்வை மூடிய சூடான தாழ்மேசையைப் படகிலேயே வைத்திருப்பார்கள். பாலங்களின் அடியில் போகும்போது தலையைக் குனியச் சொல்வார்கள்; உயரமானவர்கள் அதைப் பொருட்படுத்துவது நல்லது.

அதே இடத்தில் 'ஜா-ஜா பாலம்' இருக்கிறது. வயல்களுக்கு நீர் கொண்டுசெல்லும் மரத்தொட்டி ஒன்று தொக்குகாவா ஆட்சி நடந்த எடோ காலத்தில் ஆற்றைக் குறுக்கே கடந்து சென்றது. பிற்காலத்தில் அதன்மேல் பலகை போட்டு மக்கள் நடந்தார்கள். தொட்டியிலிருந்து நீர் சிந்திய ஓசையே பாலத்துக்குப் பெயராயிற்று. இன்றைய பாலத்தில் பகல் நேரத்தில் அரை மணிக்கு ஒருமுறை இருபுறமும் நீரைக் கொட்டவிடுகிறார்கள். 1996-இல் ஜப்பான் அரசின் சுற்றுச்சூழல் முகமை தேர்ந்தெடுத்த நூறு ஒலிச் சூழல்களில் இந்த ஓசையும் இடம்பெற்றது. படகில் இருந்தபடி கேட்க முடிந்தால் நல்லது; இல்லையேல் கரையில் நின்று கேளுங்கள்.

படி 5: இனோ தடாதாகாவின் வீடும் அருங்காட்சியகமும்

நாளின் பெரும்பகுதியை இங்கே செலவிடத் தயங்க வேண்டாம். 1745-இல் பிறந்த தடாதாகா, பதினேழு வயதில் சவாராவின் இனோ குடும்பத்துக்கு வீட்டோடு மாப்பிள்ளையாக வந்தார். சாக்கே வடித்தல், நெல் வணிகம் என்று நொடிந்திருந்த குடும்பத் தொழிலை நிமிர்த்தினார். நாற்பத்தொன்பதாவது வயதில் பொறுப்பை மகனிடம் ஒப்படைத்துவிட்டு, மறுஆண்டு எடோவுக்குச் சென்று, தம்மைவிடப் பத்தொன்பது வயது இளையவரான தகாஹாஷி யோஷிதோகியிடம் வானியல் மாணவராகச் சேர்ந்தார். பூமியில் வடக்கு தெற்காகச் செல்லும் கோட்டில் ஒரு பாகையின் நீளம் எவ்வளவு என்று அறிய வேண்டும் என்பதே அவரது ஆசை. அதற்கு நீண்ட தொலைவை அளக்க வேண்டும். நீண்ட தொலைவுக்குச் செல்ல அரசின் அனுமதி வேண்டும். வரைபடம் தயாரிப்பதாகச் சொல்லித்தான் அந்த அனுமதி கிடைத்தது.

1800-இல், ஐம்பத்தைந்து வயதில், வடக்கே இன்றைய ஹொக்கைடோவுக்குப் புறப்பட்டார். முதல் பயணத்தில் பெரும்பாலும் காலடிகளை எண்ணித் தொலைவை அளந்தார். அவரது ஒரு காலடி ஏறத்தாழ 69 சென்டிமீட்டர். பின்னாளில் கயிறும் சங்கிலியும் கொண்டு அளந்தார். பகலில் திசைகாட்டி, இரவில் நட்சத்திர உயரம் பார்க்கும் கருவி. 1816 வரை பத்து முறை நில அளவை நடந்தது. பாகைக்கு 28.2 ரி (பழைய ஜப்பானியத் தொலைவு அளவு) என்று அவர் கணித்தார். அது ஏறத்தாழ 110.7 கிலோமீட்டர், இன்றைய அளவுக்கு மிக அருகில். ஏறக்குறைய அதே ஆண்டுகளில், 1802-இல், பிரிட்டிஷ் நில அளவையாளர் வில்லியம் லாம்ப்டன் சென்னை பரங்கிமலை அருகே அளவைக்கு ஆதாரமான அடிக்கோடு அளந்து அதே கேள்விக்குத்தான் விடை தேடிக்கொண்டிருந்தார் என்பதை நினைத்துப் பார்க்கத் தோன்றும். இருவருக்கும் ஒருவரையொருவர் தெரியாது.

தடாதாகா 1818-இல் இறந்தார். வரைபடம் நிறைவடையும்வரை, அதாவது 1821 வரை, அவரது மரணம் வெளியே அறிவிக்கப்படவில்லை. 1:36,000 அளவில் வரைந்த பெரிய படம் மட்டுமே 214 தாள்கள் கொண்டது. அவரது கருவிகள், குறிப்பேடுகள், படங்கள் உட்பட 2,345 பொருள்கள் 2010-இல் தேசியப் பொக்கிஷமாக அறிவிக்கப்பட்டன. அவற்றில் சிலவற்றை அருங்காட்சியகத்தில் சுழற்சி முறையில் காட்டுகிறார்கள். கட்டணத்துக்கு ரொக்கம் வைத்துக்கொள்ளுங்கள். ஆற்றின் எதிர்க்கரையில் இருக்கும் அவரது வீட்டுக்குக் கட்டணம் இல்லை. வீட்டை முதலில் பார்த்துவிட்டுப் பாலத்தைக் கடந்து அருங்காட்சியகத்துக்குப் போவதுதான் சரியான வரிசை: ஒரு கடைக்காரரின் வீட்டைப் பார்த்த கண்ணோடு அந்த வரைபடத்தின் முன் நிற்க வேண்டும்.

படி 6: உணவு

இந்த ஆற்று நாட்டின் பெயர்பெற்ற உணவு, இனிப்புச் சோயா சாற்றில் தோய்த்துச் சுட்ட விலாங்கு மீன். பக்வீட் மாவில் செய்த சோபா நூடுல்ஸ் கடைகளும் உண்டு. சைவ உணவினர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: சோபாவில் மீனோ இறைச்சியோ கண்ணில் படாவிட்டாலும், அதன் சாறு பெரும்பாலும் உலர்ந்த மீன் சீவலில் காய்ச்சியதாகவே இருக்கும், குளிர்ந்த சோபாவுக்குத் தரும் தொட்டுக்கொள்ளும் சாறும் அப்படித்தான். ஆதலால் கையில் உணவு எடுத்துச் செல்லுங்கள். அரிசி மாவில் செய்து பயற்றுப் பூரணம் வைத்த தாங்கோ உருண்டைகளைத் தயக்கமின்றிச் சாப்பிடலாம்.

படி 7: கடைவீதி

ஆற்றுக்குக் குறுக்கே செல்லும் பெரிய தெருவில் கறுத்த, தடித்த மண்சுவர்க் கடைகள் நிற்கின்றன. 1892-இல் ஊரில் பெருந்தீ பரவியது. அதன்பின் தீக்குத் தாக்குப்பிடிக்கும் கிடங்கு அமைப்பில் கடைகள் எழுந்தன. அவற்றுக்கு நடுவே 1914-இல் கட்டிய சிவப்புச் செங்கல் வங்கிக் கட்டடம் ஒன்றும் இருக்கிறது. 1996-இல், டோக்கியோவை உள்ளடக்கிய கான்தோ வட்டாரத்திலேயே முதலாவதாக, இந்தப் பகுதி அரசின் பாதுகாக்கப்பட்ட மரபுக் கட்டட வட்டமாக அறிவிக்கப்பட்டது. 2011 நிலநடுக்கத்தில் கூரை ஓடுகள் சரிந்தன, கரைகள் சேதமடைந்தன, ஒவ்வொன்றாகச் செப்பனிட்டிருக்கிறார்கள். பல கடைகளில் இன்றும் குடும்பங்கள் வாழ்கின்றன என்பதால், திறந்த கதவுக்குள் அனுமதியின்றிப் படம் எடுக்காதீர்கள்.

திருவிழா நாளில் வராதவர்கள், யசாகா கோயில் வளாகத்தில் உள்ள தேர்க் காட்சியகத்தில் அந்தத் தேர்களைப் பார்த்துக்கொள்ளலாம். உச்சியில் அமர்ந்திருக்கும் பழங்கதை நாயகர்களின் பேருருவ பொம்மைகள்தான் சவாரா தேர்களின் தனி அடையாளம்.

படி 8: கத்தோரி ஜிங்கூ

சவாராவிலிருந்து டாக்சியில் பத்து நிமிடத்தில் இந்தப் பெருங்கோயிலை அடையலாம். கறுப்பு அரக்குப் பூசிய கருவறையும் சிவப்பு வாயிலும் 1700-இல் தொக்குகாவா ஷோகுன் (படைத்தலைவர்) அரசு கட்டியவை. வாயிலுக்கு முன் உள்ள நீர்த்தொட்டியில் முதலில் இடக்கையையும், அடுத்து வலக்கையையும் கழுவி, இடது உள்ளங்கையில் நீர் ஏந்தி வாய் கொப்பளிக்க வேண்டும். அகப்பையை வாயில் வைக்கக் கூடாது. சந்நிதியில் காணிக்கை இட்டு, இருமுறை குனிந்து, இருமுறை கைதட்டி, மறுபடி ஒருமுறை குனிந்து வணங்குவது வழக்கம்.

வளாகத்தின் ஓரத்தில் வேலியிட்ட சிறு கல் ஒன்று தரைக்கு மேல் சற்றே தலைகாட்டும். நிலத்தடியில் நெளிந்து நிலநடுக்கம் உண்டாக்கும் பெருங்கெளுத்தி மீனை அந்தக் கல் அழுத்திப் பிடித்திருக்கிறது என்பது நம்பிக்கை. பழங்காலத்து யாத்திரிகர்கள் இந்தக் கோயிலுக்கும் படகில்தான் வந்தார்கள்; தோனே ஆற்றங்கரையில் சுனோமியா என்ற இடத்தில் ஆற்றைப் பார்த்தபடி நிற்கும் தோரண வாயில் அவர்கள் கரையேறிய இடத்தைக் காட்டுகிறது. நேரம் மிஞ்சினால் மட்டும் அங்கே செல்லுங்கள்.

படி 9: திரும்புதல்

கடைகள் மாலை நான்கு, ஐந்து மணிக்கெல்லாம் மூடத் தொடங்கிவிடும் என்பதால், சாக்கே, சோயா சாறு போன்றவற்றை வாங்க நினைப்பவர்கள் கோயிலுக்குக் கிளம்பும் முன்பே வாங்கிக்கொள்ள வேண்டும். கோயிலில் இறங்கும்போதே திரும்பும் டாக்சிக்கும் சொல்லி வைத்துவிடுங்கள். அன்றிரவே நரிதாவில் விமானம் ஏறுபவர்கள், ஒரு ரயில் தவறினாலும் அடுத்தது வர ஒரு மணி நேரம் ஆகலாம் என்பதைக் கணக்கில் கொண்டு, விமானம் புறப்பட நான்கரை மணி நேரம் இருக்கும்போதே சவாரா நிலையத்தில் இருக்க வேண்டும்.