"படம் எப்படி இருக்கு?" என்று கேட்டால் நாம் செய்யும் தவறுகள்

போன மாதம் நண்பன் ஒருவன் ஒரு த்ரில்லர் தொடரைப் பார்க்கச் சொன்னான். கதையைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. "கடைசி எபிசோடுல ஒரு ட்விஸ்ட் இருக்கு பாரு, நீ யோசிச்சே பார்த்திருக்க மாட்ட" என்றான், அவ்வளவுதான். முதல் எபிசோடிலிருந்தே கதையை விட்டுவிட்டு யாரைச் சந்தேகிக்கலாம் என்று தேட ஆரம்பித்துவிட்டேன். மூன்றாவது எபிசோடில், அளவுக்கு மீறி நல்லவராக வந்துபோகும் ஒருவரைக் குறித்துவைத்தேன். அவரேதான். கதையின் ரகசியத்தை முன்கூட்டியே போட்டு உடைக்கும் ஸ்பாய்லர் எதையும் தான் சொல்லவில்லை என்றுதான் நண்பன் இன்றுவரை நம்புகிறான்.

கொலைகாரனின் பெயரைச் சொன்னால்தான் ஸ்பாய்லர் என்று பலர் நினைக்கிறார்கள். ட்விஸ்ட் இருக்கிறது என்று சொல்வதே பாதி ஸ்பாய்லர். "ரெண்டாவது சீசன்ல அந்தப் பொண்ணு பின்னியிருப்பா" என்றால், முதல் சீசனில் அவளுக்கு என்ன ஆபத்து வந்தாலும் பிழைத்துக்கொள்வாள் என்பது கேட்பவருக்குத் தெரிந்துவிடும். "அந்த நடிகரை இன்னும் கொஞ்ச நேரம் காட்டியிருக்கலாம்" என்றால் அவர் சீக்கிரம் போய்ச் சேர்ந்துவிடுவார் என்று அர்த்தம். பாராட்டுகிற வேகத்தில்தான் இவையெல்லாம் வாயிலிருந்து நழுவுகின்றன.

இந்தக் கவலை புதிதும் இல்லை. 1960இல் 'சைக்கோ' வெளியானபோது, படம் தொடங்கிய பிறகு யாரையும் உள்ளே விடக் கூடாது என்று அதன் இயக்குநர் ஆல்ஃபிரட் ஹிட்ச்காக் திரையரங்குகளுக்கு நிபந்தனை போட்டார். லண்டனில் 1952இல் மேடையேறிய 'தி மௌஸ்டிராப்' நாடகத்தில், குற்றவாளி யாரென்று வெளியே சொல்ல வேண்டாம் என்று பார்வையாளர்களிடம் காட்சியின் முடிவில் கேட்டுக்கொள்வது வழக்கம். மறுபக்கமும் இருக்கிறது. முடிவு தெரிந்தபின் சிறுகதைகளை வாசித்தவர்கள் கொஞ்சம் கூடுதலாகவே ரசித்தார்கள் என்று 2011இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தில் நடந்த ஓர் ஆய்வு சொன்னது. ஸ்பாய்லர் சொல்லி மாட்டிக்கொள்கிறவர்களுக்கு இது பெரிய ஆறுதல். ஆனால் தெரிந்துகொண்டு பார்ப்பதா வேண்டாமா என்று முடிவெடுக்க வேண்டியவர் பார்க்கப்போகிறவர். ட்ரெய்லரில் வந்தது, முதல் 15 நிமிடத்தில் நடப்பது, இவ்வளவோடு நான் நிறுத்திக்கொள்வேன். அதற்கு மேல் என்றால் "சொல்லட்டுமா?" என்று கேட்டுவிட்டுத்தான். (முழுக் கதையையும் ட்ரெய்லரே சொல்லிவிட்டால் அந்தப் பாவம் நம்மைச் சேராது.)

அடுத்தது 'செம', 'மொக்கை', 'சுமார்', 'ஒரு தடவை பார்க்கலாம்'. இந்த நான்கையும் வைத்துக்கொண்டு வாழ்நாள் முழுக்கப் படம் பார்த்துப் பேசிவிடலாம், கேட்டவருக்குத்தான் ஒன்றும் கிடைக்காது. "மெதுவா போகுது, ஆனா அப்பாவும் பொண்ணும் போட்டுக்கிற சண்டையெல்லாம் அப்படியே நம்ம வீட்டுல நடக்கிற மாதிரி இருக்கு" என்று சொல்லிப் பாருங்கள். ஒருவர் உடனே பார்ப்பார், இன்னொருவர் தப்பித்தோம் என்று ஓடுவார். இருவருக்குமே உங்களால் உபகாரம். 'லேக்' என்ற வார்த்தையையும் நாம் கண்டபடி செலவழிக்கிறோம். புதிதாக எதுவும் நடக்காமல், எதுவும் புரியாமல் காட்சி நீண்டால் அது லேக். ஒருவர் ஐந்து நிமிடம் வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கும் காட்சியை மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்ததும் நாம்தானே?

குறையை யார் தலையில் கட்டுவது என்பதில் இன்னும் பெரிய குழப்பம். நடிப்பு சரியில்லை என்று சட்டென்று சொல்லிவிடுகிறோம். சோவியத் இயக்குநர் லெவ் குலெஷோவ் சுமார் நூறு ஆண்டுகளுக்கு முன்னால் ஒரு சோதனை செய்தார். உணர்ச்சி காட்டாத ஒரே முகத்தை, ஒரு கிண்ணம் சூப், சவப்பெட்டியில் ஒரு குழந்தை, ஒரு பெண் என்று வெவ்வேறு காட்சிகளோடு ஒட்டிக் காட்டினார். பார்த்தவர்கள் அந்த முகத்தில் பசி, துக்கம், ஆசை என்று வெவ்வேறு உணர்ச்சிகளைக் கண்டார்களாம். நாம் 'நடிப்பு' என்று சொல்வதில் எடிட்டிங்கின் பங்கு அவ்வளவு. ஆகவே எது தொந்தரவு செய்தது என்பதை மட்டும் சொன்னால் போதும்: "அந்த அழுகை எனக்கு ஒட்டவே இல்ல." காரணம் நடிகரா, வசனமா, முந்தைய காட்சியா என்பது தெரிந்தால் சொல்லலாம், தெரியாவிட்டால் குடி முழுகிவிடாது.

குறை சில சமயம் நம் வீட்டு டிவியிலேயே இருக்கும். "கேமரா வேலை சீரியல் மாதிரி இருக்கு" என்று ஒரு படத்தைத் திட்டுவதற்கு முன்னால் செட்டிங்ஸைத் திறந்து பார்த்துவிடுங்கள். பெரும்பாலான படங்கள் நொடிக்கு 24 ஃபிரேம் (அதாவது 24 அசையாப் படங்கள்) வேகத்தில் எடுக்கப்படுகின்றன. பல டிவிகளில் உள்ள மோஷன் ஸ்மூத்திங் வசதி, நடுநடுவே தானாக ஃபிரேம்களை உருவாக்கிச் செருகுகிறது. அதனால்தான் அந்த வழவழப்பு. இதை அணைத்துவிடுங்கள் என்று கேட்டு டாம் குரூஸே 2018இல் ஒரு வீடியோ வெளியிட்டார். போனை நோண்டிக்கொண்டே பார்த்துவிட்டு "கதையே புரியல" என்பது இதைவிட மோசம். அதையும் நான் செய்திருக்கிறேன்.

தொடர் என்றால் எதுவரை பார்த்தீர்கள் என்பதை முதலில் சொல்லிவிடுங்கள். இரண்டு எபிசோட் பார்த்தவரின் 'மொக்கை'யும் மூன்று சீசன் பார்த்தவரின் 'மொக்கை'யும் ஒன்றல்ல.

மதிப்பெண்ணைக் காட்டி வாதம் செய்வதும் வேண்டாம். விமர்சனங்களைத் திரட்டித் தரும் ராட்டன் டொமேட்டோஸ் இணையதளத்தில் 90% என்றால் படத்துக்கு 10க்கு 9 என்று பொருள் கிடையாது. விமர்சகர்களில் 90% பேர் சாதகமாக எழுதியிருக்கிறார்கள், அவ்வளவே. எல்லோருக்கும் 'பரவாயில்லை' என்று தோன்றும் ஒரு படம்கூட அந்த எண்ணைத் தொட்டுவிட முடியும்.

ஒருவர் "எனக்கு ரொம்பப் பிடிச்ச படம்" என்று முகம் மலரச் சொல்லும்போது, "அதுலயா? லாஜிக்கே இல்லையே" என்று ஆரம்பிக்கும் பழக்கம் ஒன்று உண்டு. லாஜிக் ஓட்டையைப் பிறகு பேசிக்கொள்ளலாம். எந்தக் காட்சி பிடித்தது என்று கேட்டால், அவர் சொல்லும் பதில் பெரும்பாலும் நாம் கவனிக்காமல் விட்ட ஒன்றாகத்தான் இருக்கும்.

சொன்ன கருத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதையும் இந்த வரிசையில் சேர்ப்பேன். 1958இல் வந்தபோது ஹிட்ச்காக்கின் 'வெர்டிகோ' படத்துக்குக் கலவையான வரவேற்புதான். 2012இல் 'சைட் அண்ட் சவுண்ட்' இதழ் விமர்சகர்களிடம் நடத்திய வாக்கெடுப்பில் அதுவே உலகின் தலைசிறந்த படமாக வந்தது. விமர்சகர்களே மனம் மாறும்போது நமக்கென்ன? நான் இரண்டு வருடங்களுக்கு முன்னால் கிழித்துத் தொங்கவிட்ட ஒரு படத்தைப் போன வாரம் மறுபடி பார்த்தேன். பிடித்துவிட்டது. அதே ட்விஸ்ட் நண்பனைக் கூப்பிட்டுச் சொன்னேன். "அப்போ அன்னிக்கு ஏன்டா அப்படித் திட்டின?" என்றான். யோசித்துப் பார்த்தேன். அன்றைக்கு எனக்குப் பசி.